ருமேனிய மொழியில் கழிந்த சனிக்கிழமைகள்

போன சனிக்கிழமை பால் வாங்கப் போன இடத்தில் இது நடந்தது. பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. ஈஸ்டர் நெருங்கும் நாட்கள் என்பதால் வாசலோரம் ஒரு பெண் சின்ன மேசை போட்டு நீளமான இனிப்புப் பாண் விற்றுக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டுக்குள் வால்நட்டும் கொக்கோவும் சுருள் சுருளாகத் தெரிந்தன. எலுமிச்சைத் தோலும் கொஞ்சம் ரம்மும் கலந்த வாசனை கடையின் பாதித் தூரம்வரை வந்தது. ருசி பார்க்க ஒரு துண்டு நீட்டினார். வாயில் போட்டுக்கொண்டு, "முல்ட்சுமெஸ்க்" என்றேன்.

ருமேனிய மொழியில் நன்றி. எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகம் விரிந்தது. மடை திறந்ததுபோல ருமேனிய மொழியில் பேசத் தொடங்கிவிட்டார். எனக்குத் தெரிந்த ருமேனியச் சொற்கள் இருபதுக்கு மேல் இராது. அவற்றில் பாதி சாப்பாட்டுப் பெயர்கள். மற்றப் பாதி சிறுபிள்ளைகளை அதட்டுவதற்கானவை. "சத்தம் போடாதே", "சப்பாத்தைக் கழற்று", "ஓடாதே". இவற்றை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷியுடன் எவ்வளவு நேரம் உரையாட முடியும்? தலையைத் தலையை ஆட்டினேன். பிராயச்சித்தமாக இரண்டு பாண் வாங்கிக்கொண்டு, பாலை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

யாழ்ப்பாணத்தானுக்கும் ருமேனியனுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வரும்.

அப்போது நாங்கள் இதே நகரத்தின் இன்னொரு மூலையில், செயின்ட்-மிஷேலில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தோம். வாரநாட்களில் எனக்கு மருந்துப் பெட்டிகள் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு பழைய தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மேலே பூசைக்கு வருபவர்களைவிட மெழுகுதிரிகள் அதிகம். அதனால் கீழ்மண்டபத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாடகைக்கு விட்டிருந்தார்கள். காலையில் ருமேனியப் பிள்ளைகளின் வகுப்பு, பின்னேரம் ஹெயிட்டிக்காரரின் பாடற்குழு. கதவு திறப்பது, படிக்கட்டில் பனி அள்ளுவது, கதிரைகளை அடுக்குவது, கடைசியில் பூட்டுவது என் பொறுப்பு. இங்கே இந்த வேலைக்குக் கொன்சியேர்ஜ் என்று பெயர். கேட்க ஏதோ பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். பதினொரு திறப்புகள் கொண்ட ஒரு கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, தேவையில்லாத இடங்களிலும் அதைக் குலுக்கிக்கொண்டு நடப்பேன். வயது முப்பத்திரண்டு. அதுவரை ஒரு சைக்கிள் திறப்பைத் தவிர வேறு எதுவும் என் பெயரில் இருந்ததில்லை.

ஈரக் கம்பளி, தரைக்குப் பூசும் மெழுகு, நேற்றைய கோப்பி, சூடாகும் இரும்பு. அந்த மண்டபத்தின் வாசனை இந்த நான்கும் சேர்ந்தது. இன்றைக்கும் எங்காவது இரண்டு சேர்ந்து வந்தால் என் கை இடுப்புக்குப் போகிறது.

மனைவிக்குச் சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மகள் ஆரணிக்கு அப்போது ஆறு வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே நிறப்பென்சில் பெட்டியுடன் அவளையும் கூட்டிக்கொண்டு போவேன். மண்டபத்தின் மூலையில் இருந்து படம் கீறுவாள். மூன்றாவது சனிக்கிழமை ருமேனிய ஆசிரியை என்னிடம் வந்தார்.

"இந்தப் பிள்ளை ஏன் தனிய இருக்குது?"

"என்ரை மகள். உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டாள்."

"நான் அதைக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் பிள்ளைகளின் வட்டத்துக்குள் போட்டார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டும்தான். அவருடையது உடைந்த இடம் வேறு, என்னுடையது உடைந்த இடம் வேறு. அதை எங்கள் ஊர்த் தமிழில்தான் உங்களுக்குச் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலையில் சும்மா இருப்பதைவிட ஒரு வகுப்பில் இருக்கட்டும் என்று நினைத்தேன். என்ன வகுப்பு என்று யோசிக்கவில்லை.

ஆசிரியையின் பெயர் ரொடிக்கா. பிள்ளைகள் துவாம்னா ரொடிக்கா என்பார்கள். துவாம்னா என்றால் அம்மையார். குள்ளமான உருவம், ஐம்பதை நெருங்கிய வயது, பீட்ரூட் நிறத்தில் சாயம் போட்ட தலைமயிர். தன் நாட்டில் பாலங்கள் கட்டும் பொறியியலாளராக இருந்தவர். இங்கே வாரநாட்களில் ஒரு கார்ட்ரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வித்தியாசம் எப்பிடி?" என்று ஒருமுறை கேட்டேன். "பாலம் அழாது" என்றார்.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். எல்லோரும் இங்கே பிறந்தவர்கள், அல்லது தாயின் இடுப்பில் வந்து இறங்கியவர்கள். அப்பாமார் லாவாலிலிருந்தும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் காரோட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே இயந்திரத்தை ஓடவிட்டபடி காருக்குள் தூங்குவார்கள். பிள்ளைகள் உள்ளே வந்ததும் தங்களுக்குள் பிரெஞ்சில் சண்டை பிடிக்கத் தொடங்குவார்கள். ரொடிக்கா கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, "நு ஆவுத்" என்பார். எனக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். பிள்ளை பிரெஞ்சில் எவ்வளவு கத்தினாலும் "நு ஆவுத்"தான். கழிவறைக்குப் போகவேண்டும் என்பதைக்கூட ருமேனிய மொழியில் சொன்னால்தான் அவருக்குக் கேட்கும். அந்த ஒரு வசனத்தை எல்லாப் பிள்ளைகளும் மிகச் சுத்தமாக உச்சரித்தார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு இது சனிக்கிழமைக் கார்ட்டூனைத் தவறவிடும் தண்டனை. ஆரணிக்கு விளையாட்டு. அவளிடம் யாரும் "எங்கள் மொழியை மறக்காதே" என்று சொல்லவில்லை. கிறிஸ்மஸுக்குள் அவள் ரொடிக்காவுடன் வாதாடத் தொடங்கிவிட்டாள். மார்ச் மாத முதல் நாள் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய ஒரு நூலில் சின்ன மணி கோத்துக்கொண்டு வந்து தாயின் சட்டையில் குத்திவிட்டாள். வசந்தம் வருகிறதென்று ருமேனியர் பெண்களுக்குக் கொடுப்பதாம். மனைவி அதைக் கோயில் நூல் என்று நினைத்துக் கையில் கட்டி, ஒரு வாரம் மச்சமாமிசம் சாப்பிடாமல் இருந்தாள். உண்மையை நான் சொல்லப் போனபோது ஆறு நாள் போயிருந்தது. இன்னும் ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்க வருவது எனக்குத் தெரிகிறது. தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில். ஒரு மெத்ரோவும் இரண்டு பஸ்ஸும் எடுக்கவேண்டும். "பேந்து சேர்ப்பம்" என்று மனைவிக்குச் சொல்லியிருந்தேன். யாராவது கேட்டால், "அடுத்த வருசம் போறாள்" என்பேன். அப்படி இரண்டு அடுத்த வருசங்கள் போயிருந்தன.

வீட்டில் ஆரணி எங்களுடன் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசுவாள். ரொடிக்காவைப் பார்த்து நானும் ஒருநாள் கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "எனக்குக் கேக்கேல்லை" என்றேன். அவள் அதே பிரெஞ்சை உரத்துச் சொன்னாள். மறுபடியும் "கேக்கேல்லை" என்றேன். இன்னும் உரத்துச் சொன்னாள். மூன்றாம் தரம் தாயிடம் ஓடிப்போய், அப்பாவுக்குக் காது செவிடாகிவிட்டது என்று முறையிட்டாள். மனைவி குசினிக்குள் இருந்தபடியே சொன்னாள்:

"நீங்கள் பிள்ளையோட கதைச்சாத்தானே அது தமிழில பதில் சொல்லும். வேலையால வந்தா டீவிக்கு முன்னால இருக்கிறியள். அந்தாள் சனிக்கிழமை மூண்டு மணித்தியாலம் கதைக்குது."

அந்தாள் என்றது ரொடிக்காவை. பதில் இல்லாத கேள்விகளுக்கு நான் குப்பை கொட்டப் போவது வழக்கம். போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊருக்குப் போன் எடுப்போம். என் அப்பா தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். பேத்தியிடம் ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்வி: "பிள்ளை, என்ன சாப்பிட்டனீங்கள்?" அவள் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பாள். "பள்ளிக்கூடம் போறியளோ?" "ஓம்." "அங்க குளிரோ?" "ஓம்." பிறகு போனை என்னிடம் நீட்டுவாள், சூடான பாத்திரத்தை நீட்டுவதுபோல. ஒருநாள் தடுமாறி ருமேனிய மொழியில் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டாள். அப்பா என்னிடம், "பிள்ளை பிரெஞ்சு நல்லாக் கதைக்குது" என்று சந்தோஷப்பட்டார். நான் திருத்தவில்லை.

இரண்டாவது வருடம் நவம்பரில் வகுப்புக்கு ஒரு கிழவர் வரத் தொடங்கினார். விளாட் என்ற எட்டு வயதுப் பையனின் தாத்தா. ருமேனியாவில் ஏதோ ஒரு மலையடிவாரத்திலிருந்து மூன்று மாதத்துக்கு மகனைப் பார்க்க வந்திருந்தார். மகன் சோரின் உயரமான மனிதர், கணினி வேலை, எப்போதும் அவசரத்தில் இருப்பார். வகுப்பு முடியும்வரை தகப்பனை உள்ளே விட்டுவிட்டுப் போவார். கிழவர் ரோமத் தொப்பியைக் கழற்றாமல் சூடாக்கியோரம் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் எல்லோரும் அவரைப் புனிக்கு என்று கூப்பிட்டார்கள். தாத்தா என்று பொருள். இடைவேளையில் விளாட்டைப் பக்கத்தில் இருத்தி ஏதாவது கேட்பார். அவன் பிரெஞ்சில் ஒரு சொல்லில் பதில் சொல்வான். கிழவருக்குப் பிரெஞ்சு தெரியாது. கொஞ்ச நேரம் அவன் தலையைத் தடவிக்கொண்டிருப்பார். அவன் நழுவி ஓடிவிடுவான்.

ஒருநாள் ஆரணி தான் கீறிய படத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். படத்தில் இருந்தது நாய் என்றுதான் நான் நினைத்தேன். கிழவர் கோழி என்று எடுத்துக்கொண்டார். தன்னிடம் ஊரில் கோழிகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இவள் அவற்றின் பெயர்களைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் சொன்னாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு இடைவேளையும் இருவரும் அந்தச் சூடாக்கியோரம்தான். கிழவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். மேல்வரிசையில் பல் இல்லை. சோரின் கார்த் திறப்பைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்று அவர்களைப் பார்ப்பார். நேரமாகிறதென்ற எரிச்சல் என்று எண்ணி, நான் அவசரமாகக் கதிரைகளை அடுக்கத் தொடங்குவேன்.

டிசம்பரில் பெற்றோருக்காக ஒரு விழா. பாட்டுகள், ஒரு சின்ன நாடகம், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பிள்ளை தனியாக நின்று சொல்ல ஒரு கவிதை. கவிதையை ரொடிக்காவே எழுதியிருந்தார். பனியில் வழி தவறிய ஒரு நட்சத்திரம் பற்றிப் பன்னிரண்டு வரிகள் என்று ஆரணி சொன்னாள். எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிப் பார்த்தார். முழுவதையும் பிழையில்லாமல் சொன்னது ஆரணி ஒருத்திதான். அவளையே முதலில் நிற்கச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சோரின் ரொடிக்காவிடம் வந்து பேசினார். மெதுவாகத்தான் பேசினார். நான் நாலடி தள்ளித் துடைப்பத்துடன் நின்றேன். ருமேனிய மொழி எனக்கு விளங்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு சொல் விளங்கியது: கொன்சியேர்ஜ். அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்காமல் இருக்க எடுத்த முயற்சியும் விளங்கியது. ரொடிக்கா ஏதோ இரண்டு சொல் சொல்லிவிட்டுப் புத்தகங்களைப் பைக்குள் போட்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஆரணியிடம் கேட்டேன். அவள் ஜன்னல் கண்ணாடியின் பனியில் விரலால் கோடு இழுத்தபடி, தமிழில் சொன்னாள். நான் கேட்டு அவள் தமிழில் சொன்ன முதல் நீளமான செய்தி அதுதான்.

"அந்த அங்கிள் சொன்னவர், நான் கொன்சியேர்ஜின்ட மகளாம். முன்னுக்கு நிக்கிறது அவையின்ட பிள்ளையா இருக்கவேணுமாம். அவையின்ட பிள்ளையளுக்குத்தானாம் கிளாஸ்."

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"நு ஆவுத் எண்டு சொன்னவ."

ருமேனிய மொழியில் பேசிய ஒருவருக்கு ரொடிக்கா அதைச் சொன்னது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் நான் யோசித்தேன். யோசித்தேன் என்பது கொஞ்சம் கூடுதலான சொல், பயந்தேன். அந்த மனிதர் மேலே அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் என் சனிக்கிழமை வேலை போய்விடும். வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. இதைப் பிள்ளையின் நன்மைக்கு என்று மாற்றிக்கொள்வது பெரிய சிரமமாக இல்லை. அத்தனை பேர் முன்னால் அவளை யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால்? அடுத்த சனிக்கிழமை ரொடிக்கா வரும்போதே வாசலில் நின்று சொன்னேன்.

"மகள் சொல்ல மாட்டாள். வேற பிள்ளையை விடுங்கோ."

"அவள் சொன்னவளோ?"

"நான் சொல்லுறன்."

அவர் பனிச் சப்பாத்தை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார். "வேற பிள்ளைக்குத் தெரியாது. அவள் சொல்லாட்டிக் கவிதை இல்லை."

"அந்த ஐயா சொன்னதும் நியாயந்தானே. உங்கட பிள்ளையளுக்கு எண்டு நடத்திற வகுப்பு."

"அவரும் நீயும் ஒரே ஆள்தான்" என்றார் ரொடிக்கா. "ரெண்டு பேருக்கும் அது விளங்கேல்லை." உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதரும் நானும் எந்த விதத்தில் ஒன்று என்று தரையைத் துடைத்துத் துடைத்து யோசித்தேன். அன்று தரை மட்டும் நன்றாகப் பளபளத்தது.

ஆரணியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "ஓம்" என்றாள். அப்பப்பாவுக்குப் போனில் சொல்லும் அதே ஓம்.

விழா நாளன்றும் அவளை விட்டுவர இடமில்லை. மண்டபத்துக்குப் பின்னால் கோட்டுகள் மாட்டும் சிறிய அறையில் இருக்கச் சொன்னேன். அறுபது பேர் வந்திருந்தார்கள். விழா நேரே பாட்டுடன் தொடங்கியது. கிழவர் முன்வரிசையில் இருந்தார். இரண்டாவது பாட்டு முடியுமுன் எழுந்தார். பக்கத்திலிருந்தவரிடம் உரத்த குரலில் ஏதோ கேட்டார். பிறகு கோலை ஊன்றிக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தபடி பின்னால் வந்தார். நான் கடதாசிக் கோப்பைகள் அடுக்கிய தட்டுடன் நடையில் நின்றேன். என்னைப் பார்த்ததும் கையை இடுப்புயரத்துக்குத் தாழ்த்திக் காட்டினார். இவ்வளவு உயரப் பிள்ளை எங்கே? நான் அறையைக் காட்டினேன்.

அறுபது ஈரக் கோட்டுகளுக்குக் கீழே ஒரு மர வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். கிழவர் ஏதோ கேட்டார். ஆரணி எழுந்து நின்றாள். கைகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, மண்டபத்துப் பாட்டுக்கு இடைஞ்சல் வராத சின்னக் குரலில் சொல்லத் தொடங்கினாள். கிழவர் அந்தக் கவிதையை வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கவேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அவளுடன் சேர்ந்து வாய்க்குள் சொன்னார். பாதியில் என் பின்னால் ஆள் வந்து நிற்பதை உணர்ந்தேன். சோரின். தகப்பனைத் தேடி வந்திருக்கிறார். நான் பிரெஞ்சில் சொல்லவேண்டியதைத் தயார்பண்ணத் தொடங்கி, "ஐயா" என்ற சொல்லைத் தாண்ட முடியாமல் நின்றேன்.

அவர் அழுதார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. சுவரில் சாய்ந்தார். ஒரு கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். ஆரணி சொல்லி முடித்ததும் கிழவர் தொப்பியைக் கழற்றினார். அதை அவர் கழற்றி நான் கண்டது அன்றைக்குத்தான். சோரின் மண்டபத்துக்குத் திரும்பிப் போனார்.

எல்லோரும் போன பிறகு நான் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். மறுபக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது. சோரின் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் எந்த அப்பாவும் ஒரு கதிரையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அறுபது கதிரைகளையும் இருவருமாக அடுக்கினோம். கடைசிக் கதிரையை வைத்துவிட்டு, பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்:

"வீட்டில அப்பா கதைக்கிறேல்லை. ஆரோட கதைக்கிறது? நான் வேலையில. மகனுக்கு விளங்காது. சனிக்கிழமை எப்ப வரும் எண்டு மட்டும் கேட்பார்."

ரொடிக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய தகப்பனுடன் பேச அவர் மகனுக்கு வாய் இல்லை. என் மகளுக்கு இருந்தது. என் தகப்பனுடன் பேச என் மகளுக்கே வாய் இல்லை. மன்னிப்பு அவர் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பு யாரிடம் கேட்கவேண்டுமோ அவள் கோட்டு அறையில் தூங்கிப்போயிருந்தாள். அவளிடம் கேட்கவேண்டியவர்கள் இரண்டு பேர்.

ஜனவரி முடிவில் கிழவர் ஊருக்குப் போய்விட்டார். ஒரு சனிக்கிழமை சோரின் தயங்கிக்கொண்டு வந்தார். அப்பா பிள்ளையை விசாரிக்கிறார், ஐந்து நிமிடம் போனில் பேச விடுவீர்களா என்று கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் மண்டபத்துக் குசினியில் நின்று ஆரணி அவருடைய போனில் பேசுவாள். விளாட் பக்கத்தில் சப்பாத்து நுனியால் சுவரை உதைத்துக்கொண்டு நிற்பான். நாலாவதோ ஐந்தாவதோ தடவை, அவள் ஏதோ ஒரு கோழியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவன் போனைப் பறித்து ருமேனிய மொழியில் கத்தினான். ஆரணி எனக்குப் பிறகு மொழிபெயர்த்தாள்: "அது கோழி இல்லை! சேவல்! எங்கட சேவல்!" மறுமுனையில் கிழவர் சிரிப்பது எங்களுக்கே கேட்டது. ரொடிக்கா கழுவி வைத்திருந்த ஒரு கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவினார். அன்றிலிருந்து போன் இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் சண்டைப் பொருளாகிவிட்டது.

நான் வெட்கத்தில்தான் திருந்தினேன் என்று சொல்லவேண்டும். இரவுச் சாப்பாட்டு நேரம் டீவியை நிறுத்தி, ஆரணியுடன் பேசத் தொடங்கினேன். என்ன பேசுவதென்று தெரியாமல் தொழிற்சாலையில் பெட்டி எப்படி மடிப்பதென்று தமிழில் விளக்கினேன். பாவம், கேட்டாள். வசந்தம் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல என்ன சாப்பிட்டனீங்கள் என்று கேட்க, அவள் ஓம் என்று சொல்லாமல் தானாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பப்பா, உங்கட கோழிக்கு என்ன பேர்?"

என் அப்பாவிடம் கோழி இல்லை. வாழ்நாள் முழுவதும் முத்திரை குத்தியவர். உயிருள்ள எதையும் வளர்த்ததில்லை.

"எங்களிட்டைக் கோழி இல்லைப் பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரரிட்டை நாலு நிக்குது. கேட்டுச் சொல்லுறன்."

அடுத்த கிழமை நான்கு பெயர்களுடன் காத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்குப் பெயர் வைக்கும் ஆள் இல்லை. அதில் இரண்டு பெயர் அப்பாவின் பழைய மேலதிகாரிகளுடையவை என்பது எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி முப்பது வருடம் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் கோழிகளின் மேல் ஏற்றிப் பேத்திக்குச் சொன்னார். அப்படி இரண்டரை வருடம் பேசினார்கள். பிறகு அப்பா போய்விட்டார். அது அதிகமான ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. இருந்தாலும் இருந்தன.

கோழிகளுக்குப் பெயர் வந்த அந்த வருட இலையுதிர்காலத்திலேயே ஆரணியைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். அடுத்த வருடம் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி இந்தப் பக்கம் வந்துவிட்டோம். இங்கிருந்து சனிக்கிழமை வேலைக்குப் போய்வருவது நடக்கிற காரியமில்லை. பதினொரு திறப்புகளையும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இடுப்பு சில வாரம் ஒரு பக்கம் சாய்ந்தது போல இருந்தது.

பேச ஆளில்லாத மொழி போவதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு வருடம்கூட இல்லை. ஒருமுறை மெத்ரோ நிலையத்தில் ரொடிக்காவைக் கண்டோம். ஆரணியைக் கட்டிப்பிடித்து ருமேனிய மொழியில் ஏதோ கேட்டார். அவள் உதட்டை அசைத்துத் தேடிப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் பதில் சொன்னாள். அவர் கையைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. "எவ்வளவு வளந்திட்டாய்" என்று தானும் பிரெஞ்சிலேயே சொன்னார். ரயில் வந்தது.

அந்தத் தேவாலயத்தை விற்றுவிட்டார்கள். இப்போது பல்கனிகள் வைத்த அடுக்குமாடி வீடுகள். எங்கள் மண்டபம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ருமேனியப் பிள்ளைகளுக்கு வேறு இடங்களில் வகுப்பு நடக்கிறதாம், பாதி வகுப்பு கணினித் திரையில். ரொடிக்கா தன் நாட்டுக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி. என்னிடம் இருந்த இலக்கம் வேலை செய்யவில்லை. விளாட்டின் தாத்தாவும் இப்போது இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் விளாட் எங்கிருந்தோ ஆரணியைத் தேடிப் பிடித்து அந்த டிசம்பர் விழாவின் வீடியோவை அனுப்பியிருந்தான். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் பார்த்தோம். பாட்டுடன் தொடங்குகிறது. படத்தின் ஓரத்தில் தாளம் போடும் ரொடிக்காவின் கை தெரிகிறது. முன்வரிசையில் ஒரு கதிரை இரண்டாவது பாட்டிலிருந்து வெறுமையாக இருக்கிறது.

"அப்பா, நான் எங்க நிக்கிறன்?"

"நீ உதில இல்லை" என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். நான் வாசலில் நின்று ரொடிக்காவிடம் சொன்னதைச் சொன்னேன், கோட்டு அறையைச் சொன்னேன். அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. தொப்பி வைத்த யாரோ ஒருவர், அவ்வளவுதான். கோபப்படவும் இல்லை, யாரோ ஒரு பிள்ளையின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப நான் முழுக்கச் சொன்னனானோ?"

"ஓம். பன்னிரண்டு வரியும். ஒரு பிழை இல்லாமல்."

"எப்பிடிச் சொன்னனான்? என்ன சொல்லுகள்?"

எழுதியவர் எங்கே என்று தெரியாது. கேட்டவர் இல்லை. சொன்னவளுக்கு ஞாபகமில்லை. கதவோரம் தட்டுடன் நின்று முழுவதையும் கேட்டவன் நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கியிருக்கவில்லை.